பெல் ஹவுசிங்குக்குள் சேறு: கியர் பெட்டியை இறக்கும் முன் அடியில் உள்ள ஓட்டையைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 26 வயது. லாபிஸுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அப்பா வெளிக்காட்டு வேலைக்கும் மருந்தடிப்புக்கும் காண்ட்ராக்ட் எடுத்து ஆள்களை ஏற்றிக்கொண்டு போகிறார். எங்களிடம் இருப்பது பழைய டீசல் பிக்கப், ஃபோர்வீல், மேனுவல் கியர். மூன்று வாரத்துக்கு முன் அடைமழையில் பாரிட் (வடிகால்) நிரம்பிச் செம்பனைக் காட்டுப் பாதையில் தண்ணீர் ஏறிவிட்டது. முழங்காலுக்கு மேல் தண்ணீர். நடுவில் வண்டி புதைந்து, அரைமணி நேரம் முன்னும் பின்னும் ஆட்டித்தான் வெளியே வந்தோம். அடுத்த மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாள் காலையிலிருந்து எஞ்சின் ஓடும்போது அடியில் 'கர்ர் கர்ர்' என்று உரசுகிறது. கிளட்சை அமுக்கினாலும் விட்டாலும் சத்தம் மாறவில்லை. காலையில் முதல் கியரும் ரிவர்ஸும் விழ அடம்பிடிக்கின்றன. வண்டி சூடானால் கொஞ்சம் பரவாயில்லை. பட்டணத்தில் ஒரு பட்டறையில் கியர் பெட்டியை இறக்கி கிளட்ச் செட் முழுதும் மாற்ற 1,400 வெள்ளி கேட்கிறார்கள். கார் கழுவும் கடையில் வாட்டர் ஜெட்டால் அடித்தால் போய்விடும் என்கிறார் மாமா. டீசல் ஊற்றிக் கழுவு என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். யார் சொல்வதைக் கேட்பது? நானே செய்ய முடியுமா?
– ஒரு வாசகர், லாபிஸ், ஜொகூர்

பதில்: தம்பி, வாட்டர் ஜெட்டும் வேண்டாம், டீசலும் வேண்டாம். 1,400 வெள்ளியையும் இப்போதைக்கு அப்பாவின் பையிலேயே இருக்க விடுங்கள். உங்கள் வண்டியின் பெல் ஹவுசிங்குக்குள், அதாவது கிளட்ச் இருக்கும் கூட்டுக்குள், சேறு போய்க் காய்ந்திருக்கிறது என்றுதான் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குப் பட்டது. அதில் பெரும்பகுதியை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நீங்களே எடுத்துவிடலாம். எடுத்த பிறகும் கோளாறு இருந்தால் அப்போது கியர் பெட்டியை இறக்குவோம். இந்த வரிசை மாறினால்தான் காசு வீணாகும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், கிளட்சை அமுக்கினாலும் விட்டாலும் சத்தம் மாறவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதுதான். நிறையப் பேர் 'அடியில் சத்தம்' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். கிளட்சை அமுக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படுவேன், சில வண்டிகளில் கியர் பெட்டித் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்கையும். நியூட்ரலில் சத்தம் இருந்து, கிளட்சை அமுக்கியதும் அடங்கினால் அந்தத் தண்டின், அதாவது கியர் பெட்டியின் இன்புட் ஷாஃப்ட்டின், பேரிங். கால் எங்கே இருந்தாலும் சத்தம் மாறாமல், எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறைந்தால், எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான பிளைவீலில் வெளியே இருந்து ஏதோ உரசுகிறது என்று அர்த்தம். காய்ந்த சேறாக இருக்கலாம், ஒரு கல்லாக இருக்கலாம், வளைந்த தகடாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் புது கிளட்ச் மருந்தல்ல.

பெல் ஹவுசிங் என்பது எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே இருக்கும் மணி வடிவக் கூடு. பிளைவீல், கிளட்ச் டிஸ்க், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் அதற்குள்தான். கியர் பெட்டியில் எண்ணெய் இருக்கிறது, அதனால் சீல் போட்டு இறுக்கி மூடியிருப்பார்கள். இந்தக் கூடு அப்படி இல்லை. கிளட்ச் வறண்ட இடத்தில் வேலை செய்யும் சாமான், சூடாகும், காற்று வேண்டும். அதனால் கூட்டில் பல இடங்களில் திறப்பு உண்டு. ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் பூட் (உறை), அடியில் ஒரு தகடு, தகட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே இடுக்கு, அடிமட்டத்தில் ஒரு சின்ன ஓட்டை. முழங்கால் தண்ணீரில் அரைமணி நேரம் நின்றால் இவை எல்லாவற்றின் வழியாகவும் தண்ணீர் ஏறும். சும்மா நின்றிருந்தால் வந்த வழியே வடிந்திருக்கும். நீங்கள் முன்னும் பின்னும் ஆட்டியிருக்கிறீர்கள், ஒவ்வொரு முறையும் கிளட்சை அமுக்கி விட்டிருப்பீர்கள். உள்ளே பிளைவீல் நிமிடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் சுற்று சுற்றிச் செம்மண் குழம்பை வாரிச் சுவரெங்கும் அடித்திருக்கும்.

அப்படியானால் முதல் மூன்று நாள் ஏன் சத்தமில்லை? ஈரச் சேறு சத்தம் போடாது, பிளைவீல் அதை வழித்துக்கொண்டு ஓடும். எஞ்சின் சூட்டில் அது காய்ந்து சுவரில் ஓடு பிடித்த பிறகுதான் பிளைவீலின் விளிம்பில் உள்ள பல்சக்கரம் அதில் தேய ஆரம்பிக்கிறது. நம் பக்கத்துச் செம்மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் சகதியாய்க் கிடப்பது, இரண்டு நாள் வெயிலுக்கு மண்வெட்டி இறங்காத அளவு இறுகிவிடும். இந்தக் கூட்டுக்குள் வெயிலைவிடச் சூடு அதிகம்.

இப்போது அந்த ஓட்டையைப் பற்றி. 1984இல் நான் தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் எடுபிடியாகச் சேர்ந்தபோது பெரிய துரையின் லேண்ட்ரோவரைக் கழுவித் துடைப்பது என் வேலை. அதன் பிளைவீல் ஹவுசிங் அடியில் விரல் நுனி அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. ஒரு நாள் அதிலிருந்து எண்ணெய் சொட்டியது. பெரிய புத்திசாலி போல ஒரு துணியை உருட்டி அடைத்துவிட்டேன். எங்கள் ஃபோர்மேன் பார்த்துவிட்டார். துணியைப் பிடுங்கி என் கையில் கொடுத்து, "டேய், அது அடைக்கிறதுக்கு இல்ல, உனக்குச் சேதி சொல்றதுக்கு இருக்கு" என்றார். எஞ்சினின் பின் சீல் கசிந்தாலும், கியர் பெட்டியின் முன் சீல் கசிந்தாலும் அந்த எண்ணெய் கிளட்சில் தேங்காமல் வெளியே போகவும், நமக்குத் தெரியவும்தான் அந்த வழி. அந்த வண்டிக்கு ஒரு திருகு மூடியும் உண்டு. ஆழமான தண்ணீரில் இறங்கும் முன் மாட்ட வேண்டும், கரையேறியதும் கழற்றிவிட வேண்டும். கையேட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கும். உங்கள் பிக்கப்பில் மூடி இருக்காது, ஆனால் அடியில் ஒரு ஓட்டையோ தகட்டோரத்தில் ஒரு வெட்டோ இருக்கும். உங்கள் வண்டியில் அது இப்போது அடைத்துக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். போகும் வழி அடைபட்டதால்தான் உள்ளே வந்தது உள்ளேயே காய்ந்திருக்கிறது.

மாமா சொன்ன வாட்டர் ஜெட்டை ஏன் வேண்டாம் என்கிறேன்? கார் கழுவும் கடை இயந்திரத்தில் தண்ணீர் 100 பார், அதற்கும் மேலான அழுத்தத்தில் வரும். ரிலீஸ் பேரிங்குக்குள் தொழிற்சாலையில் அடைத்த கிரீஸ் இருக்கிறது. அதன் சீல் தூசியைத் தடுக்கும், இப்படிப்பட்ட அடியைத் தாங்காது. கிரீஸ் வெளியேறி, நைசான சேறு உள்ளே போய் உட்காரும். பைலட் பேரிங்குக்கும் அதே கதி. சத்தம் இரண்டு நாள் நிற்கும், எல்லாரும் சந்தோஷப்படுவீர்கள், அடுத்த மாதம் பேரிங் அலறும். அப்போது கியர் பெட்டியை இறக்காமல் தப்ப முடியாது.

டீசல் அதைவிட மோசம். வெளியே செயினையும் ஸ்பிரிங்கையும் டீசலால் கழுவிப் பழகிய கைகள் இதையும் அப்படியே நினைத்துவிடுகின்றன. கிளட்ச் டிஸ்கின் லைனிங் எண்ணெயைக் குடிக்கும். ஒரு முறை குடித்தால் துடைத்தாலும் காயவைத்தாலும் பழைய பிடி வராது. மேட்டில் ஆள்களோடு ஏறும்போது எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராது. பெரியவரின் மனம் புண்படாமல் சொல்லுங்கள், ஆனால் டீசல் டின்னைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். வண்டி ஆறிய பிறகு தொடங்குங்கள். சிமெண்டுத் தரையில் நிறுத்த முடிந்தால் நல்லது. லயத்து வாசல் மண்தான் என்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் கீழே கனமான பலகை போடுங்கள், மழை பெய்த மண்ணில் ஜாக்கி மெல்ல மெல்ல இறங்குவது கண்ணுக்கே தெரியாது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட்பிரேக், கியர் நியூட்ரலில். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது தம்பி. செங்கல்லையும் நம்பாதீர்கள், சொல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு இரண்டு இரவல் வாங்கியாவது வையுங்கள். அடுத்து பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த கம்பியில் சாவி போடாவிட்டாலும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், ஸ்பேனர் பட்டால் நெருப்புப் பறக்கும்.

முதலில் ஓட்டையைத் தேடுங்கள். பழைய சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றின் நுனியை லேசாக வளைத்து, ஓட்டைக்குள் விட்டுக் குடையுங்கள். பலம் வேண்டாம், காது குடைவது போல. சேறு பொடிப்பொடியாக விழும். சில சமயம் அடைப்பு திடீரென்று விட்டு, ஒரு கோப்பை அழுக்குத் தண்ணீர் முகத்தில் கொட்டும், தலையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வருவதை விரலில் தொட்டுத் தேயுங்கள். வெறும் மண் என்றால் நிம்மதி. வழவழவென்று எண்ணெயும் கலந்து வந்தால் சீல் ஏதோ கசிகிறது, அந்தச் சங்கதி வேறு.

பிறகு அடித்தகடு. நாலைந்து சின்ன போல்ட்தான் இருக்கும், துரு பிடித்திருந்தால் முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெயைத் தலையில் மட்டும் தொட்டு வையுங்கள். இந்தத் தகட்டைக் கழற்றும் முன்பே கையால் தடவிப் பாருங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புதைந்த வண்டியில் செம்பனை மட்டையோ வேரோ கல்லோ தட்டி இது உள்பக்கம் வளைந்திருக்கும். 2023 மார்ச்சில் சிகாமட், குளுவாங், பத்து பகாட் எல்லாம் வெள்ளத்தில் கிடந்ததே, தண்ணீர் வடிந்த பிறகு என்னிடம் வந்த ஒரு பிக்கப்பும் உங்கள் வண்டி மாதிரியே உரசிக்கொண்டு வந்தது. வேறு இடத்தில் கிளட்ச் மாற்றியும் சத்தம் போகவில்லை என்று அந்த மனிதர் அழாத குறை. தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்பக்கத்தில் நிலாப்பிறை மாதிரி ஒரு பளபளப்பான கீறல், பிளைவீலின் பல் தேய்த்த தடம். மரச்சுத்தியலால் நாலு தட்டு தட்டி நிமிர்த்தி மாட்டினேன். சத்தம் போய்விட்டது. அவர் கொடுத்த கிளட்ச் காசு போனது போனதுதான். அதனால் உங்கள் தகட்டின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பளபளப்பான தடம் இருந்தால் அதுவே பதில்.

தகடு போனதும் பிளைவீலின் அடிப்பகுதி தெரியும். பக்கத்தில் ஃபோர்க்கின் ரப்பர் பூட்டையும் நெம்பி எடுங்கள், அது கிழிந்திருந்தால் சேறு வந்த பெரிய வாசல் அதுதான். மூன்றாவது ஜன்னல் ஸ்டார்ட்டர். அதைக் கழற்றினால் பிளைவீல் பல்சக்கரம் நேராகத் தெரியும். டீசல் வண்டி ஸ்டார்ட்டர் கனமானது, முகத்துக்கு நேர் மேலே வைத்துக் கழற்றாதீர்கள், கீழே ஒருவர் தாங்கிப் பிடிக்கட்டும். அதன் மூக்கில் உள்ள சின்னப் பல்சக்கரத்திலும் சேறு ஒட்டியிருக்கும், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். இந்தச் சந்தில் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தால் உள்ளே சேறு எங்கே திரண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். வயர் முனையில் குட்டிக் கேமரா வைத்து கைப்பேசியில் மாட்டுகிறார்களே, அது கிடைத்தால் இன்னும் வசதி.

சுரண்டுவதற்கு மூங்கில் சிம்பு, பழைய பிளாஸ்டிக் ஸ்கேல், ஈர்க்குக் கட்டு போதும். கூடு அலுமினியம், ஸ்குரூ டிரைவரால் தோண்டினால் கீறும், கை வழுக்கினால் பல்லையும் கெடுக்கும். தெரிகிற இடத்தை எடுத்ததும் பிளைவீலைக் கொஞ்சம் சுற்ற வேண்டும். எஞ்சின் முன்பக்கப் புல்லியின் நடு போல்ட்டில் சாக்கெட் போட்டு, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையில் மட்டும், கையால் திருப்புங்கள். முன்னால் நின்று பார்த்தால் பெரும்பாலான வண்டிகளுக்கு அது கடிகார முள் திசை. கால் சுற்று திருப்பு, சுரண்டு, மறுபடி கால் சுற்று. அவசரத்தில் சாவியைப் போட்டு ஸ்டார்ட்டரால் சுற்றலாம் என்று யாராவது சொன்னால் அவர்களைத் தேநீர் வாங்கி வர அனுப்புங்கள். பல்லுக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு கல் இருந்தால் அந்தச் சுற்றில் கூடு வெடிக்கும்.

இறுகிக் கல்லான இடத்துக்கு, பூச்செடிக்கு அடிக்கும் கைத்தெளிப்பானில் சுத்தத் தண்ணீர் எடுத்து அந்த இடத்தில் மட்டும் நனையுங்கள். பத்து நிமிடம் ஊறட்டும், பிறகு சுரண்டுங்கள். கூட்டின் சுவரை நனைக்கலாம், நடுவே இருக்கும் பேரிங் பக்கம் பீய்ச்ச வேண்டாம். கம்ப்ரெசர் காற்றால் ஊதுவதையும் தவிர்த்துவிடுங்கள். கிளட்ச் தூள் மூச்சுக்கு ஆகாது, பழைய வண்டிகளின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. மூக்குக்கு முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி இரண்டும் போட்டே படுங்கள்.

உள்ளே சேறு மட்டும்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். செம்பனைக் காட்டில் எலிக்குப் பஞ்சமில்லை, அதனால்தானே தோட்டங்களில் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைக்கிறார்கள். மூன்று மாதம் நிறுத்தியிருந்த ஒரு வண்டியின் கூட்டுக்குள்ளிருந்து நான் இரண்டு கை நிறையச் செம்பனை நார் உருவி எடுத்திருக்கிறேன். நடுவில் பாதி கடித்த ஒரு பழம், சுருண்டு காய்ந்த ரப்பர் துண்டு. கிழிந்த பூட்டையே கூடு கட்டப் பயன்படுத்தியிருந்தது எலி. இப்படி நார் வந்தால் கையுறையோடு எடுங்கள், எலிச் சிறுநீர் பட்ட பொருள், காய்ச்சல் கொண்டுவரும்.

எல்லாம் எடுத்த பிறகு தகட்டையும் ஸ்டார்ட்டரையும் மாட்டி, ஓட்டையைத் திறந்தே விட்டு, ஸ்டாண்டிலிருந்து இறக்கி, வெட்டவெளியில் எஞ்சினை இருபது நிமிடம் ஐடிலில் ஓட விடுங்கள். உறுமவிடாதீர்கள். பிறகு ஆளில்லாத பாதையில் முதல் கியரில் மெதுவாக எடுத்து நிறுத்தி, எடுத்து நிறுத்தி, பத்துப் பன்னிரண்டு முறை செய்யுங்கள். ஈரமான டிஸ்க் முதலில் கொஞ்சம் வழுக்கும், கொஞ்சம் அதிரும், அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடும். உள்ளே மிச்சமிருக்கும் பொடியும் ஓட்டை வழியே உதிரும். மறுநாள் மறுபடி கம்பியை விட்டு ஓட்டையைக் குடையுங்கள், மறுபடி அடைத்திருக்கும்.

காலையில் கியர் விழாமல் அடம்பிடிப்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, டிஸ்க் முன்னும் பின்னும் நகர வேண்டிய இன்புட் ஷாஃப்டின் பல் வரிகளில் களிமண்ணும் துருவும் சேர்ந்திருப்பது. கிளட்சை அமுக்கினாலும் டிஸ்க் பிளைவீலை விட்டு முழுசாக விலகாது, கியர் கரகரக்கும். சூடானால் கொஞ்சம் இளகும், நீங்கள் சொன்னதும் அதுதான். இன்னொன்று, கூட்டின் பக்கவாட்டில் இருக்கும் கீழ் கிளட்ச் பம்ப். அதன் ரப்பருக்குள் சேறு போனால் உள்ளே கீறி, எண்ணெய் கசிந்து, பெடலின் அழுத்தம் ஃபோர்க்குக்கு முழுதாகப் போகாது. போனட்டைத் திறந்து கிளட்ச் எண்ணெய்க் கிண்ணத்தில் மட்டம் குறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கீழ் பம்பின் ரப்பரை ஒதுக்கினால் ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரம் என்றால் பம்ப்தான், அது கியர் பெட்டியை இறக்காமலே மாற்றும் சாமான்.

பம்ப் நன்றாக இருந்தால் ஒரு சோதனை. நியூட்ரலில் ஐடில், கிளட்சை முழுதும் அமுக்கி, மனசுக்குள் பத்து எண்ணி, ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் பிடி லேசானது, ஒரு வாரம் ஓட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். பத்து எண்ணிய பிறகும் கரகரவென்றால் கிளட்ச் விடவே இல்லை. ராத்திரி எஞ்சினை நிறுத்தி, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே கட்டை கொடுத்து அமுக்கியே வைத்துவிட்டு, காலையில் கட்டையை எடுக்காமல், எஞ்சின் போடாமல், நான்காம் கியரில் வைத்து இரண்டு பேர் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஒட்டிய டிஸ்க் 'டொக்' என்று விடுவது கேட்கும். அதற்கும் விடவில்லை என்றால் இறக்கித்தான் ஆக வேண்டும்.

இதற்கிடையில் இன்னொரு வேலை இருக்கிறது, சேற்றைவிட இது எனக்குக் கவலை. சூடான கியர் பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கும். மேலே இருக்கும் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் அந்தக் காற்றுக்குப் பதிலாகச் சீல் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டி, முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மூன்று வாரம் ஆகிவிட்டது, இந்த ஞாயிறே நான்கையும் பாருங்கள். எண்ணெய் தேத்தாரே (பால் தேநீர்) நிறத்தில் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: எண்ணெய் ஊற்றும் மேல் போல்ட்டை முதலில் கழற்றுங்கள், அது வந்த பிறகுதான் கீழ் போல்ட். கீழே வடித்துவிட்டு மேல் போல்ட் வராமல் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. வடித்த எண்ணெயைப் பாரிட்டில் ஊற்றாதீர்கள், 2005ஆம் ஆண்டு சட்ட விதிப்படி கழிவு எண்ணெய் அட்டவணைக் கழிவு. டின்னில் பிடித்து ஏதாவது ஒரு பட்டறையில் கொடுங்கள், நாங்கள் சேர்த்து அனுப்புவோம்.

இனி அந்த 1,400 வெள்ளி. உரசல் நின்றும் கிளட்ச் வழுக்கினால், அமுக்கும்போது புதிதாக ஊளையிட்டால், அல்லது மேலே சொன்னபடி கிளட்ச் விடவே இல்லை என்றால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஃபோர்வீல் வண்டியில் கியர் பெட்டியும் டிரான்ஸ்ஃபர் பெட்டியும் சேர்ந்து வரும், அது இரண்டு பேர் மார்பில் தாங்கி இறக்கும் எடை அல்ல. பாதி இறக்கி டிஸ்கில் தொங்கவிட்டால் டிஸ்கின் நடுப்பகுதி கோணிவிடும். இந்த ஒரு வேலையை நீங்கள் வீட்டில் செய்ய வேண்டாம். ஆனால் போகும்போது "செட் முழுதும் மாத்துங்க" என்று சொல்லாமல், "இறக்கி, எனக்குக் காட்டிட்டு, பிறகு மாத்துங்க" என்று சொல்லுங்கள். நல்ல ஃபோர்மேன் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். டிஸ்கில் ரிவெட் தலைக்கு மேலே லைனிங் எவ்வளவு மிச்சம் என்று அளப்பார்கள், பல கையேடுகளில் 0.3 மி.மீ. என்பது கடைசி எல்லை. நிறைய மிச்சமிருந்து, எண்ணெய் படாமல், பிளைவீல் முகத்தில் வரிவரியாகக் கீறல் இல்லாமல் இருந்தால் டிஸ்கையும் பிளேட்டையும் சுத்தம் செய்து திருப்பி மாட்டலாம். ரிலீஸ் பேரிங்கை மட்டும் எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். சேற்றுத் தண்ணீரில் நின்ற பேரிங்குக்காக இன்னொரு முறை இறக்குகிற கூலி கொடுக்க முடியாது. பைலட் பேரிங்கும் விலை குறைந்த சாமான்தான், கையோடு போட்டுவிடுங்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நின்று இரண்டைக் கவனியுங்கள். எஞ்சினும் கூடும் ஒட்டும் முகத்தில் காய்ந்த சேறு ஒரு தோல் அளவுக்குக்கூட இருக்கக் கூடாது. அந்த மெல்லிய தோல் கியர் பெட்டியைக் கோணலாக உட்கார வைக்கும், ஆறு மாதத்தில் இன்புட் பேரிங் போகும். இடம் பிடிக்கும் இரண்டு டவல் பின்களும் அதனதன் துளையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள், சேற்றோடு சேர்ந்து குப்பைக்குப் போவது அவைதான். ஷாஃப்ட் வரிகளில் கிரீஸ் பளபளப்புத் தெரியும் அளவுக்குத் தடவினால் போதும். அதிகம் போட்டால் சுற்றும் வேகத்தில் சிதறி டிஸ்கில்தான் விழும்.

அப்பா நாளைக்கும் காட்டுக்குள் போகத்தான் வேண்டும், மழையும் விடப்போவதில்லை. அவரிடம் இதைச் சொல்லுங்கள். தண்ணீரைக் கண்டால் வண்டியை நிறுத்தி ஒரு பத்து நிமிடம் சூடு தணியட்டும், அந்த நேரத்தில் ஒருவர் கம்போடு நடந்து ஆழம் பார்க்கட்டும். கியரை வெளியிலேயே தாழ்வாகப் போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் கிளட்சில் கால் வைக்காமல், ஒரே சீராகப் போக வேண்டும். கிளட்சை அமுக்கினால் டிஸ்குக்கும் பிளைவீலுக்கும் நடுவே இடைவெளி விழும், சேறு நேராக அந்த இடத்துக்கே போகும். கரையேறிய அன்று மாலையே, சேறு ஈரமாக இருக்கும்போதே, சைக்கிள் கம்பியை எடுத்து ஓட்டையைக் குடைந்துவிடுங்கள். அன்று இரண்டு நிமிட வேலை அது. கம்பியை சீட்டுக்குப் பின்னாலேயே செருகி வையுங்கள்.

கிழிந்த ஃபோர்க் பூட்டுக்குப் பதில் புதுசு வாங்காமல் டியூப் ரப்பரைச் சுற்றிக் கட்டிவிடாதீர்கள், அது ஃபோர்க்கின் ஓட்டத்தைத் தடுக்கும். சாமான் கடையில் வண்டியின் மாடலைச் சொன்னால் கிடைக்கும். தகட்டைக் கழற்றியதும் அதன் உள்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள் தம்பி, பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.